நாக்கால் லப்டொப் திருத்திய உப்பண்ணை

உலகத்தில் எத்தனையோ பேர் கம்பியூட்டர் திருத்துகிறார்கள். சிலர் ஸ்குறூட்றைவரை எடுப்பார்கள். சிலர் மீற்றரை எடுப்பார்கள். படித்த பிள்ளைகள் இன்னொரு கம்பியூட்டரை எடுத்து இதற்குள் வயரைச் செருகிப் பார்ப்பார்கள். நாக்கை எடுத்து, லப்டொப்பின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, நோய் இன்னதென்று சொல்லுகிற ஒரே மனிதர் பருத்தித்துறையில்தான் இருக்கிறார். அவர் பெயர் உப்பண்ணை.

எந்தத் தாயும் பிள்ளைக்கு அப்படியொரு பெயரை வைத்திருக்க மாட்டாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய மனைவியைக் கேட்டால் "இவர்தான்" என்பார். ஊரைக் கேட்டால் "உப்பண்ணை" என்பார்கள். அவரையே கேட்டால், "இப்ப அதை அறிஞ்சு என்ன செய்யப் போறியள்? சாமானைத் தாங்கோ" என்று கையை நீட்டுவார்.

பாதி ஆயுளை அவர் கடற்கரையில் படகு எஞ்சின்களோடு கழித்தவர். பிறகு ஊருக்குள் கைபேசி வந்தது, கனடாவிலிருந்து வந்த உறவினர்களின் சூட்கேசுகளுக்குள் லப்டொப் வந்தது. உப்பண்ணை தொழிலை மாற்றவில்லை, பலகையைத்தான் மாற்றினார். "படகு எஞ்சின் திருத்தப்படும்" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, மிச்சம் இருந்த பெயின்ற்றால் "லப்டொப்பும்" என்று ஒரு சொல் எழுதினார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ரெண்டும் உப்பாலைதான் சாகுது."

கடற்காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை என்பது உண்மைதான். புதுச் சைக்கிள் றிம் ஒரு மாரியைத் தாண்டாது. யன்னல் கம்பி செதில் செதிலாக உரியும். ஆனால் உப்பண்ணை அந்த உண்மையை எடுத்து ஒரு சமயமாகவே ஆக்கிவிட்டார். ரீவியில் கோடு விழுந்தால் உப்பு. சார்ஜ் ஏறாவிட்டால் உப்பு. வைரஸ் பிடித்துவிட்டது என்று வங்கி உத்தியோகத்தர் ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "வைரஸும் உப்பைத் திண்டுதான் தம்பி கொழுக்குது" என்றார்.

அதிலும் எல்லா உப்பும் அவருக்கு ஒரே உப்பு அல்ல. வாடைக்காற்று உப்பு வேறு, சோழகக்காற்று உப்பு வேறு, கைவேர்வை உப்பு வேறு. ஒருமுறை கந்தோர் பெரியவர் ஒருவரின் லப்டொப்பை நக்கிவிட்டு நெடுநேரம் வாயைச் சப்பிக்கொண்டிருந்தாராம்.

"என்ன அண்ணை, கடல் உப்போ?"

"இல்லை ஐயா. மிக்சர். கடலைப்பருப்பும் கிடக்கு. கந்தோரிலை இப்ப வேலை குறைவோ?"

பெரியவர் அதற்குப் பிறகு லப்டொப்பைத் திருத்த யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போகத் தொடங்கினார்.

இன்னொருநாள் கூட்டுறவுக் கடை முகாமையாளர் தன் கைபேசியைக் கொண்டுவந்தார். கலியாணம் முடிக்காத மனிதர். உப்பண்ணை நக்கினார். முகம் இளகிவிட்டது.

"தம்பி, இது காத்துமில்லை, வேர்வையுமில்லை. கண்ணீர் உப்பு. ஆர் அந்தப் பிள்ளை?"

மனிதர் கைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடினார். சில மாதங்களுக்குப் பிறகு கலியாண அழைப்பிதழோடு திரும்பி வந்தார் என்று கேள்வி. அதே பிள்ளைதானா என்று உப்பண்ணை நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. ஆனால் அழைப்பிதழை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார் என்றும், பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

நக்குவது முதற்கட்டம். இரண்டாம் கட்டமாக, ஒரு நீளமான ஸ்குறூட்றைவரின் நுனியை லப்டொப்பில் குத்தி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். படகு எஞ்சினுக்குள் என்ன ஆடுகிறது என்று அப்படித்தானே கண்டுபிடித்தவர். லப்டொப்புக்குள் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் மட்டும் தூரத்துச் சொந்தக்காரர் ரெலிபோனில் கதைப்பதைக் கேட்பது போல "ம்... ம்... ஓம்" என்று தலையாட்டுவார்.

மூன்றாம் கட்டம்தான் ஊரில் மிகவும் பேர் பெற்றது. பூட்டி முடித்த பிறகு எப்போதும் சில ஸ்குறு மிஞ்சும். அவற்றைப் பேப்பர்த் துண்டில் கவனமாகச் சுற்றிக் கையில் தருவார்.

"இது உங்கடை. வைச்சிருங்கோ."

"இது உள்ளுக்கு இருக்கவேண்டியதெல்லே அண்ணை?"

"கம்பனிக்காரன் பயத்திலை கூடப் போட்டிருக்கிறான். நான் பயப்பிடேல்லை."

அதிசயம் என்னவென்றால், அவர் திருத்தியவற்றில் பாதி உண்மையாகவே வேலை செய்தன. மீதிப் பாதியின் சொந்தக்காரர்கள்தான் என் மனைவி தேவியின் சிநேகிதிகள். ஆகவே எங்கள் வீட்டில் உப்பண்ணையின் பெயர், குழந்தையைப் பயமுறுத்த மட்டும் பயன்பட்டது. குழந்தை என்று இங்கே சொல்வது என்னை.

எனக்கும் கம்பியூட்டருக்கும் உள்ள உறவு, எனக்கும் என் மாமனாருக்கும் இருந்த உறவைப் போன்றது. ஒருவரை ஒருவர் மதிப்போம், கிட்டப் போகமாட்டோம். இந்தப் பத்திகளைக்கூட நான் பேனையால் கிறுக்க, மகள் மயூரிதான் தட்டித் தருகிறாள். போன வருடம் அவள் படிப்பை முடித்தாள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை படித்து முடித்தால் வீட்டில் அடுத்ததாக வாங்குகிற சாமான் சூட்கேஸ். மயூரியின் கூட்டாளிகள் எல்லாரும் ஒவ்வொருவராகப் பறந்துவிட்டார்கள். அப்போதுதான் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. நேர்முகமும் லப்டொப்பில், வேலையும் லப்டொப்பில். கிடைத்தால் வீட்டு முன்னறையில் இருந்தபடியே வேலை செய்யலாம். பிளேன் வேண்டாம், கொழும்பு வேண்டாம், மத்தியானம் தாயின் கையால் சோறு. அந்த வேலை மயூரிக்குத் தேவைப்பட்டது. எனக்கும் தேவிக்கும் அது கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்றே தெரியாமல் இருந்தது. இரவு படுத்தால் இரண்டு பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்போம். சூட்கேஸ் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் எடுப்பதில்லை.

இதற்கென்று ஒரு புது லப்டொப் வாங்கினோம். இருந்த காசெல்லாம் அதில் போய்விட்டது. அதை விடுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் பிள்ளையாரிடம் போய்வந்துதான் வேலை தொடங்கும். சைக்கிள் போனது, தண்ணீர் மோட்டர் போனது, கிறைண்டரைக்கூட நான் தோளில் சுமந்துகொண்டு போனேன். மயூரி ரவுணுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், தேவி தட்டம் எடுக்க, நான் லப்டொப்பை எடுக்க, ஒழுங்கை திரும்புகிற முடக்கில் இருக்கிற கோயிலுக்குப் போனோம்.

ஐயர் தயங்கவில்லை. ஆனால் அவருடைய அனுபவமெல்லாம் சில்லு வைத்த சாமான்களோடுதான்.

"மோட்டச்சைக்கிள் எண்டா ஹெட்லைற்றிலை பொட்டு வைப்பன். இதுக்குக் கண் எங்கை கிடக்கு?"

நான் முந்திக்கொண்டு கமராவைக் காட்டினேன். அதன்மேல் சந்தனம் குளிர்ச்சியாக இறங்கியது.

"மூச்சு விடுறது?"

பக்கத்தில் இருந்த சல்லடைத் துவாரங்களைக் காட்டினேன். ஐயர் ஒரு சிட்டிகை திருநீறுதான் போட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. மகளின் எதிர்காலத்துக்கு ஒரு சிட்டிகை காணுமா? தட்டிலிருந்து ஒரு கை நிறைய அள்ளி, மூச்சு விடுகிற இடம் எல்லாம் அப்பினேன். லப்டொப் அப்போது ஓன் பண்ணிய நிலையில் இருந்தது. உள்ளே விசிறி சுற்றியது. நான் வைத்த திருநீறு சல்லடைக்குள் மெல்ல மெல்ல மறைந்ததைப் பார்த்து, "பிள்ளையார் ஏத்துக்கொண்டிட்டார்" என்று தேவியிடம் சொன்னேன். தேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் தேசிக்காய். புது வாகனம் என்றால் சில்லின் கீழே தேசிக்காயை வைத்து நசித்து ஓட்டவேண்டும். லப்டொப்புக்கு எங்கே சில்லு? ஐயரும் நானும் கொஞ்ச நேரம் யோசித்தோம். முடிவில் நான் லப்டொப்பை நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் தேசிக்காய்களை மிதித்து நசித்தபடி வாசலைக் கடந்தேன். அதாவது, சில்லு நான்.

வீட்டுக்கு வந்த மயூரி லப்டொப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். வெளியே இருந்தது போனது. உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

இரண்டு மூன்று நாளில் விசிறி முனகத் தொடங்கியது. பிறகு இரைந்தது. பிறகு, அதிகாலையில் படகு கடலுக்குப் போவது போல ஒரு சத்தம் முன்னறையிலிருந்து கேட்டது. சிநேகிதியோடு வீடியோவில் ஒத்திகை பார்த்தபோது அந்தப் பிள்ளை கேட்டாளாம்: "ஏனடி உங்கடை வீட்டுக்குள்ளை பனி மூட்டமா இருக்கு?" அது சந்தனத்தின் மிச்சம். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஒத்திகையின் நடுவில் சத்தம் திடீரென்று நின்றது. தோசைக்கல் போலச் சுட்டுக்கொண்டு லப்டொப் அணைந்துபோனது. ஆறவிட்டுப் போட்டால் வரும், தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மறுபடி அணையும்.

நேர்முகம் வெள்ளிக்கிழமை. இது புதன்கிழமை.

யாழ்ப்பாணத்தில் வாங்கிய கடைக்கு ஓடினேன். வடிவான கழுத்துப்பட்டி கட்டிய தம்பி சொன்னார்: "கொழும்புக்கு அனுப்பவேணும் சேர். மூண்டு கிழமை செல்லும். வெளியாலை ஒருத்தரிட்டையும் குடுத்திடாதேங்கோ, திறந்தா வாரண்டி போயிடும்." வேறொருவரின் லப்டொப்பை இரவல் வாங்கலாம் என்றால் அதுவும் சரிவரவில்லை. கம்பனிக்காரர் நேர்முகத்துக்கான ஏதோ ஒன்றை இந்த லப்டொப்பிலேயே பதிந்து பூட்டிவிட்டார்களாம். இனி மாற்றமுடியாதாம்.

வீட்டில் மாநாடு கூடியது.

"உப்பண்ணையிட்டைக் குடுத்துப் பாப்பமே?" என்றேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே?" என்றாள் தேவி. "போகேக்கை லப்டொப்பாப் போகும். வரேக்கை பேப்பரிலை சுத்தின ஸ்குறுவா வரும். வாரண்டியும் போயிடும்."

மயூரிதான் தீர்ப்புச் சொன்னாள். "அம்மா, வாரண்டி வருசக்கணக்கா இருக்கும். வேலை வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருக்கு."

மூன்று பேருமாக உப்பண்ணையின் கொட்டிலுக்குப் போனோம். கூரையில் படகு எஞ்சின்கள் தொங்கின, அவற்றின் கீழே லப்டொப்புகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. எஞ்சின் எடுக்க வந்த தொழிலாளிகள் நாலைந்து பேர் வாங்குப் பலகையில் குந்தியிருந்தார்கள். உப்பண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, லப்டொப்பை வாங்கி, வழக்கம் போல நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தார்.

கண்ணை மூடினார். திறந்தார். இன்னொருதரம் இழுத்தார். முகம் மாறியது.

"தம்பி," என்றார். "உப்பில்லை."

வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்தே விட்டார். "என்னண்ணை சொல்லுறியள்? வடிவா நக்கிப் பாருங்கோ!"

"பாத்திட்டனடா. உப்பில்லை. என்ரை சீவியத்திலை இப்பிடியொண்டைக் காணேல்லை." ஸ்குறூட்றைவரைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மயூரியைப் பார்த்தார். "திறக்கட்டோ பிள்ளை?"

"திறவுங்கோ மாமா."

அடிப்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே, விசிறியைச் சுற்றி, வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி இமயமலை. உப்பண்ணை விரல் நுனியில் தொட்டு முகர்ந்தார். அடுத்த கணம் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தார். மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்து இறக்கினார்.

"திருநீறு," என்றார்.

வாங்கில் இருந்தவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். தேவி என்னைப் பார்த்தாள். நான் கூரையில் தொங்கிய எஞ்சின்களை எண்ணத் தொடங்கினேன்.

"ஆர் இவ்வளவும் அப்பினது?"

"ஐயர்," என்றேன்.

"அப்பா," என்றாள் மயூரி.

மேசையில் தூசி ஊதுகிற மெசின் ஒன்று இருந்தது. ஒருதரம் அமத்தினால் எல்லாம் பறந்துவிடும். நான் அதைக் காட்டினேன். உப்பண்ணைக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்.

"கோயில் திருநீறை ஊதி நிலத்திலை தள்ளுறதோ? நாளைக்கு இந்தக் கொட்டிலுக்குள்ளை ஆக்கள் மிதிக்கிறதோ? நான் செய்யமாட்டன்!"

வெற்றிலை ஒன்று வரவழைத்தார். காதுக்குள் குடையும் பஞ்சுக்குச்சியால், சிப்பியிலிருந்து முத்தெடுப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் திருநீற்றை எடுத்து வெற்றிலையில் சேர்த்தார். பின்னேரம் முழுக்க அந்தத் தொண்டு நடந்தது. இடையிடையே எங்கள் எல்லாருடைய நெற்றியிலும் பூசிவிட்டார். பிறகு வருகிறவர்கள் போகிறவர்களுக்கும் பூசினார். மீன் விற்றுவிட்டு வந்த அம்மா ஒருவர், கொட்டிலில் என்ன விசேசம் என்று கேட்டு, கற்பூரம் வாங்கிவரட்டுமா என்றார். கமராவில் இருந்த சந்தனமும் போனது.

ஆனால் விசிறி அசையவில்லை. அதன் குட்டி மோட்டர் கருகியிருந்தது.

"புது விசிறி கொழும்பிலையிருந்து வரவேணும். திங்கள்தான் வரும்," என்றார் உப்பண்ணை.

மயூரி லப்டொப்பின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றாள். அவள் சின்ன வயதிலும் அழுகை வந்தால் அப்படித்தான், கையில் கிடைத்ததைத் தடவுவாள். உப்பண்ணை அவளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். துறையில் படகிலிருந்து மீன்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"எவ்வளவு நேரம் கதைப்பாங்கள் பிள்ளை?"

"ஒண்டரை மணித்தியாலம் மாமா."

"சரி. சூடுதானே பிரச்சினை? மீனைப் பழுதாகாமல் கொண்டுவாற ஊரிலை ஒரு லப்டொப்பைப் பழுதாகாமல் வைச்சிருக்க ஏலாதோ? வீட்டை போங்கோ. வெள்ளிக்கிழமை நான் வாறன்."

வந்தார். சைக்கிள் கரியரில் மீன் ஏற்றுகிற, ஐஸ் உருகாத வெள்ளை றெஜிபோம் பெட்டி, நிறைய ஐஸ். முன்னறை மேசையில் இரண்டு கல்லை வைத்து, அடிமூடி கழற்றிய லப்டொப்பை அவற்றின் மேல் தூக்கி வைத்தார். மேசைக்குப் பின்னால், கமராவுக்குத் தெரியாத இடத்தில், முக்காலியின் மேல் ஐஸ்பெட்டி. பெட்டிக்குப் பின்னால் நிலத்தில் உப்பண்ணை. கையில் ஒரு பெரிய காட்போட் மட்டை. ஐஸின் மேலாக அவர் விசுக்க, குளிர்காற்று லப்டொப்பின் வயிற்றுக்குள் போகும். விசிறி செய்த வேலையை இனி மனிசன் செய்வார்.

எல்லாம் சரி பார்த்துவிட்டு, தேவியின் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்.

"தங்கச்சி... கொஞ்சம் உப்புத் தாங்கோவன்."

"என்னது?"

"உப்பு. ஐஸிலை போட்டாத்தான் குளிர் ஏறும்." தலையைக் குனிந்துகொண்டார். "வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ."

தேவி உப்புப் பரணியையே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் அதை அள்ளி ஐஸில் போட்டபோது, பரம விரோதியின் வீட்டுக் கலியாணத்துக்கு மொய் எழுதுகிறவரின் முகம் இருந்தது.

இந்த இடத்தில் அவருடைய குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். படகு எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். ஒழுங்கையில் அவர் வருகிறார் என்றால் குரல் முதலில் வரும், சைக்கிள் பிறகு வரும். "கனகம், கோழி கேற்றுக்கு வெளியாலை நிக்குது!" "மாஸ்டர், இண்டைக்கு அறக்குளா மீன் மலிவு!" என்று வீட்டுக்கு வீடு செய்தி வாசித்துக்கொண்டுதான் போவார். நித்திரையிலும் கதைப்பார் என்று மனைவி சொல்லியிருக்கிறார். அந்த மனிதரிடம் மயூரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மாமா, ஒண்டரை மணித்தியாலம் ஒரு சொல்லும் வரப்படாது. இருமவும்படாது. சத்தம் கேட்டா அவங்கள் நிப்பாட்டிப்போடுவாங்கள்."

உப்பண்ணை பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். தலையாட்டினார்.

நேர்முகம் தொடங்கியது. அங்கே மூன்று வெள்ளைக்காரர்கள், இங்கே என் மகள். இங்கிலீசில் அவள் கதைத்த வேகத்துக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் நான் கதவு இடுக்கில் நின்று தலையாட்டினேன். உப்பண்ணை ஒரே சீராக மட்டையை விசுக்கினார். லப்டொப் குளிர்ந்தது. மயூரியும் குளிர்ந்தாள். தலைமயிர் பறந்தது. அங்கிருந்த பெண்மணி சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டார். "கடற்கரை வீடு, காற்று அதிகம்" என்று மயூரி சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. அது மீன்பெட்டி. மீன் இல்லைத்தான். ஆனால் மணம் இருந்தது. அந்தக் காற்றை உப்பண்ணை வீடெங்கும் விசுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் எங்கள் வீட்டுப் பூனை வந்தது. பிறகு பக்கத்து வீட்டுப் பூனை. பிறகு எந்த வீட்டுப் பூனை என்று தெரியாத, ஒரு காது கிழிந்த கடுவன். தேவி விளக்குமாற்றோடு பின்வாசலில் நின்றாள். நான் நாலு காலில் தவழ்ந்து கடுவனைப் பிடித்தேன். அது என் நெஞ்சில் நகத்தை முழுக்க இறக்கியது. நான் வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல் கத்தினேன். அப்படிக் கத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருதரம் முயன்று பாருங்கள்.

நான் அதோடு மல்லுக்கட்டிய நேரத்தில் எங்கள் வீட்டுப் பூனை, நன்றி கெட்டது, முக்காலிக்குப் பாய்ந்தது. பெட்டி சரிந்தது. உப்புப் போட்ட ஐஸ் அவ்வளவும் உப்பண்ணையின் மடியில் கொட்டியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி வரப்போகிற சத்தம் வெள்ளைக்காரர்களுக்கு லப்டொப் இல்லாமலேயே கேட்கும். முடிந்தது. வேலையும் போனது, மயூரியும் போனாள். கட்டுநாயக்கா எயார்போட்டில் நின்று நானும் தேவியும் கைகாட்டுகிற படம் கண்ணுக்குள் வந்துவிட்டது.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். உப்பண்ணையின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கண்கள் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தன. சாரத்துக்குள் ஐஸ். அவர் எழும்பினால் காற்று நின்று லப்டொப் அணைந்துவிடும். உதறினால் சத்தம் கேட்கும். எனவே மனிதர் மடியை இரண்டு தொடையாலும் தொட்டில் போலச் சேர்த்துப் பிடித்து, அந்த ஐஸையே லப்டொப்புக்குக் கிட்ட உயர்த்தி, மட்டையை விசுக்கினார். விசுக்கிக்கொண்டே இருந்தார். பல்லுக்கிடையில் தோளில் கிடந்த துவாயைக் கடித்திருந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. அது என்ன உப்பு என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

மயூரிக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு கணம் அவள் குரல் இடறியது. உப்பண்ணை மட்டையை நிறுத்தாமல், மற்றக் கையால் "நீ கதை, நீ கதை" என்று சைகை காட்டினார். அவள் கதைத்தாள். முன்பைவிட நன்றாகக் கதைத்தாள்.

கடைசியில் அவர்கள் சிரித்துக்கொண்டு விடைபெற்றார்கள். மயூரி லப்டொப்பை மூடினாள்.

"முடிஞ்சுதோ பிள்ளை?" என்று துவாய்க்குள்ளால் ஒரு குரல்.

"ஓம் மாமா, முடிஞ்சுது!"

அப்போது போட்டார் ஒரு சத்தம். "ஐயோஓஓ!" அது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் சேர்த்துப் போட்ட சத்தம். பூனைகள் மூன்றும் மதில் தாண்டின. துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஆரோ கடலில் விழுந்துவிட்டதாக நினைத்து ஓடினார்கள் என்று பிறகு அறிந்தோம். உப்பண்ணை முற்றத்தில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினார். தேவி சுடுதண்ணிப் போத்தலோடு அவருக்குப் பின்னால் ஓடினாள். "ஐயோ அண்ணை, நில்லுங்கோ அண்ணை!" என்று அவள் அழுததும் சிரித்ததும் ஒன்றாகவே இருந்தன. அன்றைக்கு அவள் அவருக்குப் போட்ட முட்டைக்கோப்பியில் எத்தனை முட்டை என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவள் அப்படியொரு கோப்பி போட்டதில்லை.

அடுத்த கிழமை வேலை கிடைத்த செய்தி வந்தது. விசிறியும் கொழும்பிலிருந்து வந்தது. உப்பண்ணை பூட்டிக் கொடுத்தார், மிஞ்சிய ஸ்குறுக்களைத் தேவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாரண்டி போனது பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் பேசவில்லை.

இப்போது காலையில் மயூரி முன்னறையில் உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரர்களோடு கதைப்பாள். சரியாக அந்த நேரத்தில்தான் உப்பண்ணை கொட்டிலைத் திறக்கப் போவார். ஒழுங்கை முடக்கிலேயே குரல் கேட்கும். கனகத்தின் கோழி, மாஸ்டரின் அறக்குளா, ஒன்றும் தப்பாது. எங்கள் மதில் தொடங்குகிற இடத்தில் குரல் நின்றுவிடும். சைக்கிளிலிருந்து இறங்குவார். சங்கிலி கடகடக்கும் என்று நினைத்தோ என்னவோ, பின்பக்கத்தை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருடன் போல மெல்ல மெல்ல நடப்பார். மதில் முடிந்ததும் ஏறி, அடுத்த வீட்டிலிருந்து மறுபடி தொடங்குவார். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

தேவியும் நானும் அந்த நேரத்துக்கு, வேலை எதுவும் இல்லாமல், கேற்றடிக்கு வந்துவிடுகிறோம். அவர் எங்களைப் பார்த்து வாயைத் திறக்காமல் ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஊருக்கெல்லாம் அவர் போடுகிற சத்தத்தைவிட, எங்கள் மதில் நீளத்துக்கு அவர் போடாமல் போகிற சத்தம்தான் எங்களுக்குப் பெரிதாகக் கேட்கிறது.